அழுகண்ணிக்கு எரு வைத்த மாமா

ஆய்வு நிலையம், மேற்கு மலை
10 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

வணக்கம். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். குளிருக்கு அத்தை மடித்து வைத்த கம்பளி போதுமானதாக இருக்கிறது. அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? தக்காளிக்கு மழை ஒத்துழைத்ததா?

இங்கே போனில் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் உங்களுக்குக் காது கேட்காது, என்னால் கத்தவும் முடியாது. அதனால் கடிதம்தான். சனிக்கிழமை சனிக்கிழமை ஜீப் கீழே இறங்கி தபாலைக் கொடுத்து வாங்கி வருகிறது.

ஊரில் யாராவது கேட்டால், மருமகள் என்ன படிக்கிறாள் என்று சொல்வதற்குத் தெரியவில்லை என்றீர்கள். பூச்சி பிடிக்கும் செடியைப் படிக்கிறாள் என்று சொல்லுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் செடி. இலை முழுக்கச் சிவப்பு மயிர், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. தேன் என்று நினைத்துக் கொசு வந்து உட்காரும், ஒட்டிக்கொள்ளும். உதற உதறப் பக்கத்து மயிர்களும் வளைந்து வந்து அமுக்கும். பிறகு இலையே ஒரு சாறு விட்டுக் கரைத்துக் குடித்துவிடும், வெறும் கூடுதான் மிஞ்சும். ஆனால் பூச்சி அதற்குச் சோறல்ல, எரு. சோற்றை மற்றச் செடிகள் போல வெயிலில் அதுவே சமைத்துக்கொள்கிறது. அது நிற்கிற மண்ணில் தழைச்சத்து இல்லை, அதைத்தான் பூச்சியிடமிருந்து எடுக்கிறது.

என்னோடு அறிவழகன் என்று ஒருவர் வேலை செய்கிறார். பூச்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள். நம் மொரப்பூர்க்காரர். அவர் பேசினால் பக்கத்து வீட்டில் இருப்பது போல இருக்கிறது.

உங்கள் மகன் குரு தவறிய பிறகு என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்ன உறவுக்காரர்களிடம் கோபித்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கல்லூரிக்குக் கூட்டிப்போனவர் அத்தை. இந்த மலையில் ஒவ்வொரு நாள் காலையிலும் அது நினைவுக்கு வருகிறது. உங்களால்தான் நான் இங்கே நிற்கிறேன்.

உங்கள் மருமகள்,
கோகிலவாணி


நல்லம்பள்ளி
24 நவம்பர் 2024

அன்பு மருமகள் கோகிலாவுக்கு,

உன் மாமன் பெரியண்ணன் எழுதுவது. இங்கே மனிதர்களும் மாடும் சௌக்கியம். உன் அத்தையின் முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, அங்கே குளிர் என்று சொல்லி ஒரு வேளையைத் தூங்கிக் கழிக்காதே.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். என் சத்தத்துக்குத் தெருவே கேட்டது. உன் அத்தை வாயைப் பிளந்துவிட்டு, "பூச்சியத் திங்குதுன்னா ஆட்டுக்குட்டியத் திங்காதுன்னு என்ன நிச்சயம்? புள்ளய எட்ட நின்னு பாக்கச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன், எட்ட நின்று பார்.

ஒரு சேதி. மேட்டு நிலத்தின் ஓரத்தில் பாறை கசியும் இடம் தெரியுமல்லவா? உழவுக்கும் உதவாது, மேய்ச்சலுக்கும் உதவாது என்று என் அப்பன் காலத்திலிருந்து திட்டிக்கொண்டிருக்கும் இடம். அங்கே நீ சொன்னதுபோலவே சிவப்பாக, காசு அகலத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு நிறைய இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தேன், ஒரு எறும்பு கால் உதைத்துக்கொண்டிருந்தது. உன் அத்தை அதை அழுகண்ணி என்கிறாள். அவளுடைய அம்மா வீட்டில் மருந்துக்குப் பறிப்பார்களாம்.

பார்க்கப் பாவமாக இருந்தது. எருவுக்காக எறும்பிடம் கையேந்துகிற நிலைமையா நம் நிலத்தில் ஒரு செடிக்கு? "எருதானே வேணும், நம்ம வூட்டுல இல்லாத எருவா" என்று உன் அத்தையும் கேட்கிறாள்.

மொரப்பூர்ப் பையனைக் கேட்டதாகச் சொல்.

ஆசிகளுடன்,
பெரியண்ணன்


ஆய்வு நிலையம்
8 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நலமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், எட்ட நின்றுதான் பார்க்கிறேன். அத்தையை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்தேன். நம் நிலத்தில் அழுகண்ணி! ஐந்து வருடம் அந்த வீட்டில் இருந்தும் நான் ஒரு நாளும் மேட்டுப் பாறைக்குப் போனதில்லை. அறிவழகனிடம் கடிதத்தைக் காட்டினேன். "உங்க மாமா எழுத்தப் பாத்தா எனக்கு எங்க அப்பா ஞாபகம் வருதுங்க. கண்டிப்பா வந்து பாக்கணும்" என்றார். அவருக்கு அப்பா இல்லை. அம்மா கண்ணம்மாள் மொரப்பூரில் தனியாக இருக்கிறார்.

போன வாரம் அட்டை கடித்து என் கால் வீங்கியபோது, அறிவழகன் உப்புத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, இப்போது வீக்கம் வடிந்துவிட்டது.

அந்தச் செடிகளை ஒன்றும் செய்யாமல், பூ விடும் வரை பார்த்து எழுதுங்கள். உங்கள் கண்ணால் நான் பார்த்துக்கொள்கிறேன். நன்றி மாமா.

உங்கள் மருமகள்,
கோகிலவாணி


நல்லம்பள்ளி
2 ஜனவரி 2025

அன்பு கோகிலாவுக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனதுக்குத்தான் குறை.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் வேலையை முடித்துவிட்டோம். நன்றாக மக்கிய எருவைச் சலித்து, உன் அத்தை முழங்கால் வலியோடு கூடையைத் தூக்கிவந்து, ஒவ்வொரு செடிக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல வைத்தாள். கசிவுத் தண்ணீர் போதாது என்று நான் போர்வெல் தண்ணீரைக் குழாய் போட்டுப் பாய்ச்சினேன். ஒரு வாரம் செழிப்பாக இருந்தது. பிறகு பாசி படர்ந்தது, கோரை முளைத்தது, செடிகள் இலையில் பசை வற்றிக் கறுத்துவிட்டன. இப்போது அந்த இடத்தில் மாடு மேயலாம், அவ்வளவு புல்.

நாற்பது வருடமாக வெள்ளாமை செய்கிறேன். எரு வைத்துச் செடியைக் கொன்ற விவசாயி நானாகத்தான் இருப்பேன். உன் அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "புள்ள ஆசப்பட்டுக் கேட்ட செடி" என்று புலம்புகிறாள். பாறையின் மேல் பக்கம், கூடையோடு ஏற முடியாத இடத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன், தொடவில்லை.

அது ஏன் செத்தது, அம்மா? எரு கெடுதலா?

பெரியண்ணன்


ஆய்வு நிலையம்
19 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

பொங்கலுக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். உடம்பு நன்றாக இருக்கிறது. அத்தை, முதலில் சாப்பிடுங்கள். செடி போனதற்காக நீங்கள் பட்டினி கிடந்தால் நான் இந்தப் படிப்பையே விட்டுவிடுவேன்.

தப்பு என்னுடையது. பூச்சி அதற்கு எரு என்று எழுதினேன், அந்த எருவை அது வேரால் எடுப்பதில்லை, இலையால் எடுக்கிறது என்று எழுதவில்லை. அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளவும் தண்ணீர் குடிக்கவும்தான். வளமான மண்ணையும் நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பையும் அதனால் தாங்க முடியாது. தாங்கினாலும், வளம் கண்ட இடத்தில் கோரை வந்து வெயிலை மறைத்துவிடும். மற்றச் செடிகள் பிழைக்க முடியாத இடம்தான் அதற்கு வீடு. நீங்கள் அன்பாகச் செய்ததைக் கெடுதல் என்று யார் சொல்வார்கள்?

மிஞ்சிய செடிகள் பூக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இலை தரையோடு கிடக்கும். பூவை மட்டும் ஒல்லியான தண்டில் உயரத் தூக்கி வைத்திருக்கும். ஏன் என்று பலர் ஒரு காரணம் சொல்கிறார்கள். அதற்குப் பூச்சி தின்னவும் வேண்டும், மகரந்தம் கொண்டுவரவும் வேண்டும். உதவிக்கு வருகிற பூச்சி இலையில் மாட்டிச் சாகாமல் இருக்கப் பூவைத் தள்ளி வைத்திருக்கிறது என்கிறார்கள். உண்மையா என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை. இலையில் மாட்டியவை எவை, பூவுக்கு வந்தவை எவை என்று தினமும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

குளிர் அதிகம். வேலையும் அதிகம். வேறு சேதி ஒன்றுமில்லை.

உங்கள் மருமகள்,
கோகிலவாணி


நல்லம்பள்ளி
3 பிப்ரவரி 2025

அன்பு கோகிலாவுக்கு,

நாங்கள் நலம். உன் அத்தை உன் மிரட்டலுக்குப் பயந்து ஒரு களி உருண்டை கூடுதலாகவே சாப்பிடுகிறாள். பாறை மேல் பூ வந்துவிட்டது. வெள்ளையாக, தண்டு நுனியில் ஆடிக்கொண்டு, கீழே இருக்கிற பசைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல. உன் அத்தையைத் தோளில் கைபோட்டு ஏற்றிக் காட்டினேன். அவள், "விவரமான செடிதான்" என்றாள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். எனக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகவே தெரியும். மொரப்பூர்ப் பையன் பெயர் முன்பெல்லாம் கடிதத்துக்குக் கடிதம் வந்துபோய்க்கொண்டிருந்தது. போன கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. பூச்சி பார்ப்பது அவன் வேலை என்றாய். இப்போது நீ தனியாக உட்கார்ந்து பார்ப்பதாக எழுதுகிறாய். அவனுக்குக் காய்ச்சலா? உங்களுக்குள் சண்டையா? வேலையை விட்டுவிட்டானா?

பதில் போடு.

பெரியண்ணன்


ஆய்வு நிலையம்
9 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். சுகமாக இருக்கிறேன். அங்கே வெயில் தொடங்கியிருக்கும். மாமா தலையில் துண்டு இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

வேலை ஓரளவு முடிந்தது. இலையில் மாட்டியவை பெரும்பாலும் கொசுவும் எறும்பும். பூவுக்கு வந்தவை சின்னத் தேனீக்களும் பூ ஈக்களும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தவை மிகக் குறைவு. பெரிய முடிவாகச் சொல்ல இன்னும் ஒரு பருவம் பார்க்க வேண்டும் என்றாலும், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு நாள்கூட நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறந்ததில்லை. படிப்பு முடிந்ததும் தர்மபுரியிலேயே ஒரு கல்லூரியில் வேலை தேடிக்கொண்டு வீட்டோடு வந்துவிடுவேன். குரு இருந்து செய்ய வேண்டியதை எல்லாம் நான் செய்வேன். கடைசி வரை உங்கள் இரண்டு பேரோடும் இருப்பேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றி என்று சொன்னால் போதாது, வேறு வார்த்தையும் தெரியவில்லை.

உங்கள் மருமகள்,
கோகிலவாணி


நல்லம்பள்ளி
23 மார்ச் 2025

கோகிலாவுக்கு,

நலம். தலையில் துண்டு இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

நாங்கள் கேட்காததற்கு எல்லாம் பதில் எழுதியிருக்கிறாய். கடைசி வரை எங்களோடு இருப்பாயா என்று நாங்கள் கேட்டோமா? இதில் ஒரு குறையும் இல்லை என்று ஒருத்தி தானாக எழுதினால் எங்கோ குறை இருக்கிறது என்று அர்த்தம். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் உன் அத்தை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். அப்போதுதான் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

நாங்கள் உன்னைப் படிக்க வைத்தது எங்களுக்குக் காவல் இருக்க அல்ல. மகன் போன வீட்டில் நீ ஒருத்தி நடமாடியதால்தான் நாங்கள் இருவரும் சோறு தின்றோம், தூங்கினோம். அப்படிப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். உன் செடியே தனக்கு உதவி செய்கிற பூச்சியைப் பசை இல்லாத இடத்தில் வரவேற்று அனுப்பிவிடுகிறது. எங்களுக்கு அந்த அளவுக்காவது விவரம் இருக்காதா? நீ எங்களிடம் நன்றி நன்றி என்று சொல்லிச் சொல்லி அதில் ஒட்டிக்கொண்டு கிடப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பையன் உன்னைக் கேட்டானா, இல்லையா? ஒரு வரியில் எழுது.

பெரியண்ணன்


ஆய்வு நிலையம்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

கேட்டார். பொங்கலுக்கு முன்னால் கேட்டார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தாமல் வேறு பாத்திக்கு வேலையை மாற்றிக்கொண்டார். போன மாதம் விடுப்பு போட்டுவிட்டு மொரப்பூருக்குப் போய்விட்டார். பிடிக்காமல் சொல்லவில்லை மாமா. இதை உங்களிடம் எழுதக் கை கூசுகிறது, ஆனால் பொய் எழுதிப் பார்த்துவிட்டேன், அது இதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் என்னைப் பிடித்து வைத்திருப்பதாக ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. என் பயம் வேறு. நம் சனத்தில் கணவனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொண்டால், முதல் வீட்டார் ஊர் முன்னால் துரும்பு முறித்துப் போட வேண்டும், இனி இவளுக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை என்று. குள்ளம்மாள் அக்காவுக்கு அப்படித்தான் செய்தார்கள். அவள் மாமியார் செத்த அன்று அவள் வந்தாள். வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். தெருவில் நின்று அழுதுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். நான் அன்றைக்கு அத்தையின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அறிவழகன் நல்லவர். ஆனால் அத்தையை இழந்துதான் அவர் கிடைப்பார் என்றால் எனக்கு வேண்டாம். குருவை இழந்தபோது நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள். உங்களை இழந்தால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அத்தைக்கு இதைச் சத்தமாகப் படிக்காதீர்கள்.

கோகிலவாணி


நல்லம்பள்ளி
20 ஏப்ரல் 2025

அன்பு கோகிலாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றி இனிமேல்தான் தெரிய வேண்டும்.

சத்தமாகத்தான் படித்தேன். எனக்கு மெதுவாகப் படிக்கத் தெரியாது. உன் அத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "வெள்ளச் சட்டயப் போட்டுக்கிட்டு மொரப்பூருக்குப் போய்ட்டு வாங்க" என்றாள். போனேன். ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் விசாரித்து வீட்டைப் பிடித்தேன். பையன் உள்ளே இருந்தான். என்னைப் பார்த்ததும் பரிதாபமாக எழுந்து நின்றான். அவன் அம்மா கண்ணம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னமோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். கேட்கவில்லை. மூன்றாவது முறை தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்ங்க?"

"அப்பன்" என்றேன். நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.

 அந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையால் ஜாடை காட்டினாள். மீன் குழம்பு, நன்றாகவே இருந்தது. பையனிடம், "எம் பொண்ணு பதில் சொல்ற வரைக்கும் யாரும் அவள அவசரப்படுத்தக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் எனக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் ஊர்ப் பெரியவர் பச்சியப்பன் வந்தார். நல்ல மனுஷன்தான், கல்யாணத்தைத் தடுக்க வரவில்லை. "நல்ல காரியம் பண்றீங்க. முறையும் பண்ணிடுங்க" என்று சொல்லி, எங்கள் வைக்கோல் போரிலிருந்தே ஒரு துரும்பை உருவி என் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

உன் அத்தை உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். துரும்பை என் கையிலிருந்து பிடுங்கினாள். "எம் பையன் செத்தன்னிக்கு அத்தது போதும். இன்னும் அத்து உடறதுக்கு இந்த வூட்டுல ஒண்ணுமில்ல. மவளக் கட்டிக் குடுக்கறவங்க எந்த ஊருலங்க துரும்பு முறிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய் மாட்டுக்கு நீட்டினாள். அது நாக்கை நீட்டி வாங்கித் தின்றுவிட்டது. பச்சியப்பன் மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோர் குடித்துவிட்டுப் போனார். ஊரில் இரண்டு பேர் இன்னும் முணுமுணுக்கிறார்களாம். எனக்குத்தான் காது கேட்காதே.

நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். பதில் உன்னுடையது. வேண்டாம் என்று நீ சொன்னாலும் இந்த வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

பெரியண்ணன்
மாதம்மாள் (கையெழுத்து அவளே போட்டது)


ஆய்வு நிலையம்
4 மே 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்து முடிக்கும் வரை ஜீப் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நான் அழுவதைப் பார்த்து டிரைவர் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். இல்லை அண்ணா, மாடு துரும்பைத் தின்றுவிட்டது என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் வண்டியை எடுத்தார்.

நான் சுகமாக இருக்கிறேன். இதை எழுதும்போது, நிஜமாகவே இருக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரமே அறிவழகன் விடுப்பு முடிந்து வந்து இறங்கினார். அவர் கேட்கவில்லை. நானே போய், முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னேன். "உங்க அப்பா அம்மாவுக்கு எழுதிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நீங்கள் மொரப்பூரில் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்.

இந்தக் கடிதத்தை 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தொடங்கிப் பார்த்தேன். கை கேட்கவில்லை, மாமா என்றுதான் எழுதுகிறது. அதுவே இருக்கட்டும், எனக்கு அந்த வார்த்தைக்குள் எல்லாம் இருக்கிறது. அத்தைக்கு நான் என்ன சொல்வது? நேரில் வந்து மடியில் படுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மே 23, வெள்ளிக்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டு வருகிறோம். முதல் முறை வாசலுக்கு வருகிற மாப்பிள்ளை, அதனால் அத்தை ஆரத்தி கரைத்து வைத்து அவருக்கு எடுக்கட்டும். எனக்கு எடுக்க வேண்டாம். நான் நம் வீட்டுக்குத்தானே வருகிறேன்.

கோகிலா